கடுவனை விடுங்கள், பொட்டைக் குட்டியை எடுங்கள்: மலையகத்தில் நாய் வளர்ப்போருக்கு

கொழுந்து மடுவத்துக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்தில், கோயில் வாசலில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பொட்டைதான். கடுவன் குட்டிகளை லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) யாராவது கேட்டு வாங்கிப் போயிருப்பார்கள். மிஞ்சிய பொட்டைகள் பால் மறக்கும் முன்பே பெட்டியில் ஏறுகின்றன. அதில் ஒன்று தப்பிப் பிழைத்தால் எட்டு மாதமளவில் பருவத்துக்கு வரும். சினைப்பட்டால் ஒன்பது வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கும் எங்கோ ஒரு பெட்டி காத்திருக்கும். சுடுதண்ணி, கல்லெறி, லொறிச் சக்கரம், சுருக்குக் கம்பி எல்லாம் இந்தச் சுற்றுக்குள்தான் நடக்கின்றன.

இதை நிறுத்த ஒரு வீட்டால் முடிந்தது, ஒரு பொட்டையை எடுத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து, இரவில் உள்ளே படுக்கவைப்பது. அதை எப்படிச் செய்வது, எந்த இடத்தில் பிழைக்கும் என்பதை இங்கே சொல்கிறோம். பூனைக்கு வேறுபடும் இடங்களில் தனியாகக் குறித்திருக்கிறோம்.

எடுப்பதற்கு முன்

முதலில் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கணக்குப் போடுங்கள். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போய், பகல் சாப்பாட்டுக்கு வந்து, மறுபடி மலைக்கு ஏறும் வீட்டில் இரண்டு மாதக் குட்டி நாலைந்து மணித்தியாலம் தனியே கிடக்கும். அந்த வயதில் அதற்கு நாள் ஒன்றுக்கு நாலு வேளை தீனி வேண்டும். ஆச்சியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால் குட்டி எடுக்கலாம். எல்லோரும் வேலைக்குப் போகும் வீடானால் ஒரு வயது தாண்டிய நாய்தான் பொருத்தம். கண்டி, நுவரெலியாப் பக்கங்களில் தன்னார்வக் குழுக்கள் பராமரிக்கும் நாய்களில் கருத்தடையும் ஊசியும் முடிந்த வளர்ந்த நாய்கள் கிடைக்கும். குட்டி தேடி வருகிறவர்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உண்மையில் அவைதான் சோலி குறைந்தவை: கடித்துக் குதறும் வயது தாண்டியிருக்கும், குணம் தெரிந்திருக்கும், முதல் வருடச் செலவு மிச்சம்.

இன்னொரு வழியும் உண்டு. எந்த லயத்திலும் எல்லோருக்கும் சொந்தமாய், யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு நாய் இருக்கும். சோறு பத்து வீட்டில் கிடைக்கும்; ஊசிக்குப் பிடித்துக்கொண்டு போக ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்த நாயையே உங்கள் பேரில் எடுங்கள். தடுப்பூசி அட்டை ஒரே வீட்டில் இருக்கட்டும், அதில் அந்த வீட்டுக்காரர் பெயர் இருக்கட்டும். கழுத்தில் பட்டி ஒன்று போடுங்கள். பட்டி உள்ள நாய்க்குக் கல் எறிய ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

குட்டியைப் பார்த்து எடுப்பது

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. வயதை வாயில் பார்க்கலாம். மூன்று வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குப் பல்லே இராது. எட்டு வாரமளவில் ஊசி மாதிரி பாற்பற்கள் முழுதாக வந்திருக்கும். முன்பற்கள் விழுந்து பெரிய பல் முளைக்கத் தொடங்கியிருந்தால் மூன்று நாலு மாதக் குட்டி. சீக்கிரம் பிரித்த குட்டி குளிரில் எளிதில் போய்விடும். பிழைத்தாலும் கடியின் அளவு தெரியாமல் வளரும். தாயும் கூடப்பிறந்தவையும் திருப்பிக் கடித்துத்தான் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன.

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் பூச்சி, தெள்ளு, உண்ணி ஏதோ ஒன்று இரத்தத்தைக் குடிக்கிறது. மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் பானையாய் உப்பியிருந்தால் குடற்புழு. இரண்டுக்கும் மருந்து உண்டு, அதற்காக விட்டுவிட்டு வர வேண்டாம். இரத்தமும் துர்நாற்றமுமாகக் கழிந்து, வாந்தியும் எடுத்துச் சுருண்டு கிடந்தால் பார்வோ என்ற தொற்றும் குடல் நோயாக இருக்கலாம். அப்படிப்பட்ட குட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போகாமல் நேரே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உங்கள் லயத்தில் வேறு குட்டிகள் இருந்தால் உங்கள் செருப்பிலேயே நோய் அங்கே போய்ச் சேரும்.

எங்கிருந்து வந்ததென்று தெரியாத குட்டி பல்லாலோ நகத்தாலோ கீறினால், எவ்வளவு சின்னக் குட்டியானாலும், கீழே 'கடித்தால்' என்ற பகுதியில் சொல்லியபடி செய்யுங்கள். குட்டிக்கு விசர் (வெறிநாய்க்கடி நோய்) இருக்காது என்பது பொய்.

கொண்டுவரும்போது சாக்கில் கட்டாதீர்கள். ஈரச் சாக்குக்குள் மூச்சு முட்டிச் செத்த குட்டிகள் நிறைய. பக்கங்களில் விரல் நுழையும் ஓட்டைகள் போட்ட அட்டைப் பெட்டி, அடியில் பத்திரிகைத்தாள், மேலே ஒரு பழைய துணி போதும். நம் பாதைகளின் வளைவில் மனிதருக்கே வயிற்றைப் புரட்டும். ஆகையால் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்பிருந்து தீனி கொடுக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: குளிர், வயிறு, பூச்சி

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். தை, மாசி இரவுகளில் புல்லில் பனி உறையும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும், சீமெந்துத் தரையில் படுக்கும் குட்டிக்கு அந்தக் குளிரே போதும். இரவில் கத்துகிற குட்டியில் பாதி தாயைத் தேடிக் கத்துகிறது, பாதி குளிரில் கத்துகிறது.

படுக்கையைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை, அதன்மேல் ஒரு பக்கம் மட்டும் வெட்டித் திறந்த பெட்டி. உள்ளே கம்பளித் துணி. வெறும் சணல் சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். போட்டால் இரண்டு வைத்து, நாளுக்கொன்றாய் மாற்றிக் காயவிடுங்கள். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். சூடு கூடினால் குட்டி விலகிப் படுக்க மறு ஓரம் வெறுமையாக இருக்க வேண்டும்.

விறகடுப்பு உள்ள குசினியில் ஒரு எச்சரிக்கை. குட்டியும் பூனையும் இரவில் அணைந்த அடுப்புச் சாம்பலுக்குள் போய்ச் சுருண்டு கொள்ளும். விடியற்காலை இருட்டில் ரொட்டி சுட அடுப்பு மூட்டுகிறவர் பார்க்காமல் மூட்டிவிடுவார். மூட்டுமுன் கையை விட்டுத் துழாவுங்கள், அல்லது இரவில் அடுப்பு வாயை ஒரு தகரத்தால் மூடுங்கள்.

தீனி பெரிய வித்தையில்லை. சோறு இரண்டு பங்கு, முள் நீக்கிய அவித்த மீன் அல்லது முட்டை அல்லது கோழி ஈரல் ஒரு பங்கு, அவித்த கரட் அல்லது பூசணி கொஞ்சம். உப்பு, மிளகாய், வெங்காயம், பூடு வேண்டாம். வெங்காயமும் பூடும் நாய், பூனை இரண்டுக்கும் இரத்தத்தைக் கெடுக்கும். கருவாடு போடுவதென்றால் இரவு முழுதும் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி அவியுங்கள். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாய் உடைந்து குடலைக் குத்தும். வெறும் கோதுமை ரொட்டியும் பிளேன்டீயும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. கால் வளைந்த லயத்துக் குட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. பூனைக்கு சோறும் பாலும் போதாது. இறைச்சியோ மீனோ இல்லாமல் வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

குடற்பூச்சி மருந்தைக் குட்டி வந்த முதல் வாரமே கொடுக்க வேண்டும். மூன்று மாதமாகும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அளவு கிலோ கணக்கில், ஆகவே நிறை தெரியாமல் மருந்து கேட்கப் போகாதீர்கள். கடைத் தராசு போதும். மனிதருக்கான மாத்திரையைக் கண்ணளவாக உடைத்துக் கொடுப்பதில் ஒன்று பூச்சி சாகாது, இல்லையேல் குட்டி சாகும்.

பார்வோ தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக, நாலு மாதம் வரை போகும். இதைத்தான் பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு, "ஊசி போட்டும் செத்துப்போச்சு" என்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைக் கெடுத்துவிடக்கூடும். அதனால்தான் அத்தனை தடவை. ஊசிகள் முடியும் வரை பீலிக்கரைக்கும் (எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கும்) கடைத்தெருவுக்கும் குட்டியை இறக்காதீர்கள். பார்வோவில் ஒரு குட்டி செத்த வீட்டில் அடுத்த ஆறு மாதமாவது புதுக் குட்டி வேண்டாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து சீமெந்தைக் கழுவலாம். முற்றத்து மண்ணைக் கழுவ வழியில்லை. பக்கத்து வீட்டுக் குட்டிக்கு வயிறு கழிந்து, வைத்தியரிடம் போக விடிய வேண்டும் என்றால், வாந்தி இல்லாத வரை ஜீவனி (கழிச்சலுக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கரைத்துத் தேக்கரண்டியால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாக்கில் விடுங்கள். உயிரை இழுத்துப் பிடிக்கும் மட்டும்தான், வைத்தியமாகாது.

விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதி சுகாதார மருத்துவ அதிகாரி பணிமனையில், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் திகதியைக் கேளுங்கள். தோட்டத்துக்கு வரும் நாளைப் பெரட்டில் அறிவிக்கச் சொல்லுங்கள். மலையில் நிற்கும்போது ஊசி போடுகிறவர்கள் வந்து போய்விடுவதுதான் வழக்கமான கூத்து. மூன்று மாத வயதாகும் முன் போட்ட குட்டிக்கு மூன்று மாத வயதில் மறுபடி போட வேண்டும், பிறகு வருடா வருடம். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி ஏறியிருந்தால் நோய் பரவ வழியில்லாமல் அடங்கிவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2006இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு கைவிட்டதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வந்து சேரும்.

கருத்தடை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறோம். குட்டியை எடுக்கும் அன்றே இதற்கு ஒரு மாதத்தைக் குறித்துவிடுங்கள். ஐந்து ஆறு மாதத்தில், முதல் பருவத்துக்கு முன் செய்வது நல்லது. பூனை நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், அதற்குத் தவணை கொடுக்காதீர்கள்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தவர்கள் தை முதல் பங்குனி வரையுள்ள வரண்ட மாதங்களைப் பிடியுங்கள். வைகாசிக்குப் பிறகு தென்மேல் பருவமழையில் இஸ்தோப்பு (முன் திண்ணை) வரை ஈரம், தையல் காயாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இது தலைகீழ், ஆனி முதல் ஆவணி வரை நல்லது. இடத்தைப் பொறுத்தவரை, உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் முகாம் எப்போது என்று கேளுங்கள். சிக்கலான நோயாளிகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கலாம். சின்னக் குட்டிக்கு நாலு மணித்தியாலம் போதும். அதற்குமேல் பட்டினி போட்டால் சீனி இறங்கி மயங்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு மயக்கம் தெளியும் வரை உடம்புச் சூடு குறையும். ஓட்டோவில் திறந்த பக்கம் படங்கு இழுத்து, போர்வையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். பத்து முதல் பதினாலு நாள் குளிக்க வைக்கக் கூடாது, படிக்கட்டில் குதிக்க விடக் கூடாது. தையலை நக்காமலிருக்க, பிள்ளையின் பழைய பனியனில் முன்கால்களைக் கை வழியே விட்டு மாட்டி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுங்கள். லேசான வீக்கம் வழமை. சீழ் வாடை, தையல் பிரிதல், இரண்டாம் நாளும் சாப்பிடாமை இருந்தால் அன்றே திரும்பிப் போங்கள்.

பிந்திவிட்டால்: பருவத்தில் இருக்கும் நாய்க்குச் சத்திரசிகிச்சையில் இரத்தப்போக்கு கூடும். இரத்தம் கண்ட நாளிலிருந்து மூன்று வாரம் உள்ளே பூட்டி வையுங்கள், இரண்டு மாதம் கழித்துச் செய்யுங்கள். குட்டி போட்ட நாய்க்கு, குட்டிகள் பால் மறந்த பிறகு.

பெண்களுக்குப் போடும் மூன்று மாத ஊசியை நாய்க்குப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கருப்பையில் சீழ் பிடிக்கும், முலையில் கட்டி வரும். மிச்சம் பிடித்த காசைவிட அந்தச் சத்திரசிகிச்சை கூடச் செலவு. "ஒருதடவை குட்டி போட்டாத்தான் உடம்புக்கு நல்லது" என்பதற்கும் ஆதாரமில்லை. முதல் பருவத்துக்கு முன் செய்த நாய்க்கு முலைப் புற்று வருவது மிகக் குறைவு. காவல் குறையும் என்பார்கள். குரைப்பது கருப்பையால் இல்லை.

பருவம் முடிந்தும் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாக இரத்தம் வந்தால் இணைசேர்கையில் தொற்றும் கட்டியாக இருக்கலாம், கடுவனுக்கும் வரும். பார்க்கப் பயங்கரமாக இருப்பதால் இப்படிப்பட்ட நாய்களை அடித்துத் துரத்துகிறார்கள். வாரம் ஒரு ஊசியாக நாலு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் சுகமாகும் நோய் அது.

சங்கிலியும் சிறுத்தையும்

இரவில் இஸ்தோப்புத் தூணில் கட்டிய நாய் காவலுக்கு இருப்பதாக நினைப்பது நாம்தான். சிறுத்தைக்கு அது இரை. தேயிலையை ஒட்டிக் காடும் கானும் (வடிகாலும்) உள்ள தோட்டங்களில் சிறுத்தை அந்தி முதல் விடியல் வரை நடமாடும். ஓட முடியாத, குரைத்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும் நாயைவிட எளிய இரை அதற்கு வேறில்லை. ஒருமுறை கிடைத்தால் மறுபடி அதே லயத்துக்கு வரும். லயத்தின் கடைசித் தொங்கல் வீடானால் இன்னும் கவனம். இருட்டுமுன் நாயை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எங்கே இடம் என்ற கேள்வி நியாயமானது. குசினி மூலை போதும். அதுவும் முடியாதென்றால் நாலு பக்கமும் கூரையும் தகரமோ தடித்த கம்பிவலையோ அடித்த கூடு, வீட்டுச் சுவரோடு ஒட்டி. எச்சில் சோற்றைக் கானில் கொட்டினால் நாயும் பன்றியும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் வரும்.

பகலில் கட்டியே ஆக வேண்டுமென்றால் ஓடுகம்பி கட்டுங்கள். இரண்டு தூணுக்கிடையில் ஐந்தாறு மீற்றர் கம்பி, அதில் வளையம், வளையத்தில் சங்கிலி. தூணைச் சுற்றிச் சிக்காமலிருக்க இரு முனையிலும் அரை மீற்றர் முன்னால் ஒரு முடிச்சு. நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். திண்ணை, வேலி, சரிவு எட்டக் கூடாது. குதித்துத் தொங்கிச் சாகும்.

கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறை சரிபாருங்கள். சின்னக் குட்டியாய் இருக்கும்போது கட்டிய கயிறு, கழுத்து வளர வளரச் சதைக்குள் இறங்கி, புழு வைத்து, நாற்றம் வந்த பிறகுதான் வீட்டுக்காரர் பார்ப்பார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. மயிர் மூடிக்கொள்வதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சுருக்குக் கம்பி

பன்றிக்கு வைக்கும் சுருக்கில் நாயும் விழும், சிறுத்தையும் விழும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை உயிரோடு மீட்கப்பட்டும் சில நாளில் இறந்தது. பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள்தான். இழுக்க இழுக்க இறுகும், தானாகத் தளராது.

நாய் சிக்கியிருந்தால் இரண்டு பேர் போங்கள், சாதாரணக் குறடு போதாது. கம்பி வெட்டும் குறடோ இரும்பறுக்கும் வாளோ எடுங்கள். வலியில் சொந்த நாயும் கடிக்கும். தலையைத் தடித்த துவாயாலோ சாக்காலோ மூடி ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். முதலில் மரத்திலோ கட்டையிலோ கட்டியிருக்கும் முனையை வெட்டுங்கள். கம்பி தளர்ந்தவுடன் நாய் பாய்ந்தோடும், அதற்குமுன் பட்டியில் கயிறு போட்டிருங்கள். இடுப்பிலோ கழுத்திலோ சதைக்குள் புதைந்த கம்பியை நீங்கள் பிடுங்காதீர்கள். அதுவே இரத்தக் குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கம்பி கழன்று நாய் நன்றாக நடந்தாலும் பொறுத்திருந்து பாருங்கள். நசுங்கிய சதை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும்.

சிக்கியது சிறுத்தையானால் ஒருவரும் கிட்டப் போகக் கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழைத்து, வைத்தியர் வரும்வரை ஆட்களையும் கைப்பேசிக்காரர்களையும் தூர நிறுத்துங்கள். கூட்டத்தைக் கண்டு அது துடிக்கத் துடிக்கக் கம்பி இன்னும் இறங்கும்.

சுடுதண்ணி, ஒயில், நஞ்சு

குசினி வாசலுக்கு வரும் நாய்க்குச் சுடுதண்ணி ஊற்றுவது பழகிப்போன கொடுமை. சண்டை பிடித்து மாறாது. "அக்கா, பச்சத்தண்ணி ஊத்தினாலும் ஓடிரும்" என்று சொல்லிப் பாருங்கள்; உண்மையும் அதுதான். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடுகிற பச்சைத் தண்ணீர் விடுங்கள். பற்பசை, மஞ்சள், தேங்காயெண்ணெய் பூச வேண்டாம். முதுகில் மயிர் மூடியிருப்பதால் முதல்நாள் காயம் சின்னதாகத் தெரியும், ஒரு வாரத்தில் தோல் தட்டாய்க் கழன்று வரும்.

சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவதும் அப்படித்தான். அது தோல் வழியாகவும் நக்குவதாலும் உள்ளே போய் ஈரலைக் கெடுக்கும். உண்ணிக்கு மண்ணெண்ணெயும் வேண்டாம். சொறி வைத்தியர் கொடுக்கும் மருந்தில் சில வாரத்தில் மாறும். ஆனால் மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை நீங்களே குட்டிக்கு ஏற்றாதீர்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்குப் பட்டாலே ஆபத்து. பனடோல் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

அட்டை கடித்தால் உப்பைக் கொஞ்சமாய் அட்டையின் மேல் மட்டும் வையுங்கள். நாய் நாட்கணக்கில் தும்மி, ஒரு பக்க மூக்கால் மட்டும் இரத்தம் வந்தால் உள்ளே அட்டை இருக்கலாம். கான் தண்ணீரில் மூக்கை விட்டதால் வந்தது. வைத்தியர் எடுப்பார், நீங்கள் குச்சி விடாதீர்கள்.

மரக்கறித் தோட்டத்துப் பூச்சிகொல்லி மருந்தோ நஞ்சு வைத்த தீனியோ உள்ளே போயிருந்தால் வாயில் நுரை, நடுக்கம், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குதல், கழிச்சல் தெரியும். உப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய், பச்சை முட்டை என்று ஊட்டாதீர்கள். நடுங்கும் நாய்க்கு அது மூச்சுக்குழாயில் போகும். தோலில் பட்டிருந்தால் கையுறை போட்டுச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். மருந்துப் போத்தலையோ வாந்தியையோ பொலித்தீனில் கட்டி எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். அது மருந்தைத் தீர்மானிக்க உதவும், பிறகு சாட்சியுமாகும்.

கடித்தால்

காயத்தைப் பதினைந்து நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். பீலித் தண்ணீர் இதற்கு அருமை. மஞ்சள், கோப்பித்தூள் வைக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றுவிடாமல் அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி இலவசம். நாயை அடித்துக் கொல்லக் கூடாது. பதினாலு நாள் கட்டி, தீனி வைத்துக் கவனிக்க வேண்டும். நாய் உயிரோடு நன்றாக இருந்தால் அதுவே வைத்தியருக்குப் பெரிய தகவல். கொன்று புதைத்துவிட்டால், கடிபட்டவர் எல்லா ஊசியும் போட வேண்டியதாகும், வேறு யாரைக் கடித்ததென்றும் தெரியாமல் போகும்.

பொலிசுக்குப் போவது

விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அடிப்பது, வதைப்பது மட்டுமல்ல, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டு வீணே நோக வைப்பதும் அதில் குற்றம். தண்டம் நூறு ரூபாய் வரை, சிறை மூன்று மாதம் வரை என்று எழுதிய சட்டம். அந்த நூறு ரூபாய்க்கு இன்று கடையில் ஒரு பிளேன்டீயும் ரோல்ஸும் வராது. புதிய சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே வரைவு தயாரித்தது. தண்டம் சிறிதென்று முறைப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அடுத்தமுறை கை ஓங்குகிறவருக்கு நீதிமன்றப் படி ஏறிய நினைவு நூறு ரூபாயைவிடப் பெரிது.

நடக்கும்போதே என்றால் 119. பிறகு என்றால் நிலையத்துக்கு நேரில். திகதி, நேரம், டிவிசன், லயத்து இலக்கம், பார்த்தவர் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழில் எழுதிக் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் பதிந்தால் வாசித்துக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். படத்தில் காயம் மட்டுமன்றி இடமும் தெரிய வேண்டும். வைத்தியரிடம் எழுத்தில் ஒரு குறிப்பு வாங்குங்கள். விலங்கு செத்திருந்தால் புதைக்குமுன் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காட்ட முடியாமற்போய்ப் புதைத்த பிறகு வரும் வழக்குகள்தான் அதிகம் நிற்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர் என்றால் முதலில் தோட்டத் தலைவரையோ நலன்புரி உத்தியோகத்தரையோ வைத்துப் பேசிப் பார்க்கலாம். நஞ்சு, வெட்டு, தீ என்றால் பேச்சு வேண்டாம், நேரே பொலிஸ்.

குட்டிகளைக் கொடுக்கிறவர்களுக்கு

வீட்டு நாய் குட்டி போட்டுவிட்டால், எட்டு வாரம் தாயோடு வையுங்கள். ஆறாம் வாரத்திலிருந்து ஆள் தேடுங்கள். படம் போடும்போது பொட்டையைப் பொட்டை என்றே எழுதுங்கள். மறைத்துக் கொடுத்தால் தெரிந்த அன்றே பெட்டியில் போகும். முடிந்தால் கருத்தடைக்கு ஆகும் காசில் பாதியைத் தருவதாகவும் சேர்த்து எழுதுங்கள். அது ஒன்றே பொட்டைக் குட்டிகளை வாங்க வைக்கும்.

வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரவில் எங்கே படுக்கும்? முன்பு வைத்திருந்த நாய்க்கு என்ன ஆனது? "அது காணாமப் போச்சு, அதுக்கு முன்ன இருந்ததும் காணாமப் போச்சு" என்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். மரக்கறித் தோட்டக் காவலுக்கு என்று கேட்பவரிடம் குடிசையில் இரவு ஆள் தங்குவாரா என்று கேளுங்கள். ஆள் இல்லாத பாத்தியில் தனியே கட்டப்படும் குட்டி மழையிலோ சிறுத்தையிடமோ போகும்.

கொடுத்த பிறகு மூன்றாம் நாள், மூன்றாம் வாரம், ஆறாம் மாதம் என மூன்று தடவை விசாரியுங்கள். மூன்றாம் நாளில் குளிரும் வயிறும் தெரியும், மூன்றாம் வாரத்தில் சங்கிலி தெரியும், ஆறாம் மாதத்தில் கருத்தடைத் திகதி. முடியாதென்றால் திருப்பித் தரலாம் என்பதைக் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.